போத்தல் போகும் வழி: கொழும்புக் குறிப்புகள்

செவ்வாய், வெள்ளவத்தை

ஒரு லீட்டர் பியர் செய்ய நான்கிலிருந்து ஏழு லீட்டர் வரை தண்ணீர் போகிறது. பார்லி விளைய வயலில் பெய்யும் மழை இந்தக் கணக்கில் இல்லை. தொழிற்சாலைக்குள் குழாயில் வரும் தண்ணீர் மட்டும்தான் இது. அதில் ஒரு லீட்டர் போத்தலுக்குள் போகிறது. மிச்சம் எங்கே போகிறது, அதைக் குறைக்க என்ன வழி என்று பார்க்கத்தான் கொழும்புக்கு வந்திருக்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். எங்கள் குடாநாட்டில் ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கியாறு என்று ஒன்று இருந்தாலும் மாரியில் மட்டும்தான் அதில் தண்ணீர். சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்கும் மழைநீரைக் கிணற்றில் அள்ளித்தான் குடிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவளுக்கு ஏழு லீட்டர் என்றதும் மனம் உடனே வாளிக் கணக்குப் போடும். நான் பியர் குடிப்பதில்லை. குடிப்பவர்களோடு எனக்குச் சண்டையும் இல்லை. ஆனால் அது எப்படிச் செய்யப்படுகிறது என்பது களனி ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கிற கொழும்புக்காரர் எல்லோருக்கும் உரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

இரவு பஸ் விடியக்காலையில் காலி வீதியில் இறக்கிவிட்டது. மாமி வீடு கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில். "கொழும்புக்கு வாற ஆக்கள் சாறி வாங்குவினம், நீ என்ன பிள்ளை கழிவுத் தண்ணி பார்க்க வந்திருக்கிறாய்?" என்று கேட்டார். கேட்டபடியே தேத்தண்ணீரைக் கையில் தந்துவிட்டு, "இவளுக்கு என்ன தெரியவேணுமோ எல்லாத்தையும் காட்டு" என்று அத்தானையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

பின்னேரம் அத்தான் ஒரு வெறும் போத்தலைக் கொண்டுவந்தார். இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த, மண்ணிறமான, பெரிய 625 மில்லிலீட்டர் பியர் போத்தல். மாமி மா நிறுக்கிற தராசில் வைத்தோம். அரைக் கிலோவுக்குக் கிட்ட வந்தது. உள்ளே இருக்கும் பியர் அறுநூற்றுச் சொச்சம் கிராம். குடிக்கிற பொருளுக்கும் அதைச் சுமக்கிற கண்ணாடிக்கும் பாரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தக் கண்ணாடியை உருக்க உலையில் ஏறக்குறைய 1,500 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஒருமுறை குடித்துவிட்டு எறிகிற கண்ணாடிப் போத்தலில் அடைத்தால், பியரின் காபன் கணக்கில் பெரிய பங்கைப் போத்தலே எடுத்துக்கொள்ளும்.

ஆனால் இந்தப் போத்தல் எறிவதற்கானது அல்ல. வைப்புப் பணம் கட்டி வாங்கி, வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்து, கழுவி, மறுபடி நிரப்புவது. இருபது சுற்றுப் போய்வந்தால் அந்த அரைக் கிலோ கண்ணாடி ஒவ்வொரு சுற்றுக்கும் 25 கிராமாகக் குறைந்துவிடுகிறது. வெளிநாடுகளில் பசுமை என்ற பெயரில் இப்போது புதிதாகக் கொண்டுவரப் பார்க்கிற ஏற்பாடு நம்மிடம் எப்போதோ இருக்கிறது. அது எவ்வளவு காலம் இருக்கும் என்பதுதான் என் கவலை. நாளைக்கு அதன் பின்னால் போகிறேன்.

புதன், ஆமர் வீதி, கிராண்ட்பாஸ்

காலையில் ஒழுங்கையில் "போத்தல்... பத்தர..." என்று ஒரு குரல். கொழும்பில் வளர்ந்தவர்களுக்கு அந்த ராகம் தெரியும். வெறும் போத்தலும் பழைய பத்திரிகையும் வாங்குகிறவர் தள்ளுவண்டியோடு வருகிறார். எல்லாம் எங்கே போகும் என்று கேட்டேன். கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு கடைக்கு என்றார். மாமி மாடியில் சேர்த்து வைத்திருந்த பத்திரிகைக் கட்டைக் கொடுத்தபின் அவரிடம் நம்பிக்கை வந்து, கடைக்கு வழியும் சொன்னார்.

காலி வீதியில் 101 பஸ் பிடித்துப் புறக்கோட்டை. அங்கிருந்து ஓட்டோ. ஆமர் வீதி முழுக்க இரும்பு, பழைய மோட்டார், தகரம். ஒரு சந்துக்குள் நுழைந்தால் மண்ணிறக் கண்ணாடி ஆளுயரத்துக்கு அடுக்கி இருக்கிறது. கடைக்காரர் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் கொழும்புக்கு வந்தவர். முதலில் என்னை ஏதோ திணைக்களத்து ஆள் என்று நினைத்துவிட்டார் போல, பதில் சுருக்கமாகத்தான் வந்தது. தண்ணீர் பரிசோதிக்கிற வேலை என்று விளக்கியதும் ஒரு வாங்கைத் துடைத்து உட்காரச் சொன்னார்.

அவர் கையில் போத்தல் நிற்கிற நேரம் சில விநாடிகள்தான். முதலில் வாயில் விரலைச் சுற்றி ஓட்டுகிறார். கண்ணாடி ஒரு மயிரளவு பெயர்ந்திருந்தாலும் தனியே போகிறது. அப்படிப்பட்ட வாயில் மூடி சரியாகப் பிடிக்காது. பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கிறார். கடைசியாக மூக்குக்குக் கொண்டுபோகிறார்.

"மண்ணெண்ணெய் ஊத்தி வச்சிருந்தா முடிஞ்சிச்சி மிஸ். கழுவினாலும் போவாது. தேங்காண்ணெய்னா பரவாயில்ல, ஆனா அதையும் கழிப்பாங்க. வீட்டுல இருக்கிறவங்களுக்கு இது ஒன்னும் தெரியறதில்ல."

இதைக் கேட்டபோது எங்கள் ஊர்க் குசினிகள் கண்ணுக்கு முன்னால் வந்தன. மண்ணெண்ணெய், நல்லெண்ணெய், தேன், பெயின்ட் கரைக்கிற எண்ணெய் எல்லாம் இந்தப் போத்தலில்தான். நாம் மறுபயன்பாடு என்று நினைத்துச் செய்வது இருபது சுற்றுப் போகக்கூடிய ஒரு போத்தலை அதன் வழியிலிருந்து இழுத்துவிடுகிறது. வாசிப்பவர்கள் வேறு எதையும் ஞாபகம் வைக்காவிட்டாலும் பரவாயில்லை. திருப்பிக் கொடுக்கக்கூடிய போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள்.

கழிக்கப்பட்டவை நொறுங்கி, உருக்குவதற்குப் போகும். பழைய கண்ணாடி கலந்தால் உலைக்குக் கொஞ்சம் குறைவான வெப்பம் போதும் என்பது நல்லதுதான். ஆனாலும் கழுவுவதற்கும் உருக்குவதற்கும் இடையில் பெரிய தூரம். கழுவ 80 பாகை சூட்டில் கோஸ்டிக் சோடாக் கரைசல் போதும், உருக்க 1,500 பாகை.

கடையின் இன்னொரு மூலையில் நசுக்கிய அலுமினியப் பியர்த் தகரங்கள். நிறைக்கு நிறை பார்த்தால் அதற்குத்தான் விலை அதிகம் என்றார். அதில் காரணம் இருக்கிறது. தாதுவிலிருந்து ஒரு கிலோ புது அலுமினியம் எடுக்க 14, 15 யூனிட் மின்சாரம் வேண்டும். பழையதை உருக்கினால் அந்தச் சக்தியில் ஏறக்குறைய 95 வீதம் மிச்சம். தகரம் இலேசு, உடையாது, நுவரெலியாவுக்கோ மட்டக்களப்புக்கோ தூரம் கொண்டுபோக வசதி. திரும்பி வரவே வராத இடத்துக்குப் போகிற பியருக்குத் தகரம்தான் சரி என்று எனக்கும் படுகிறது. கொழும்பில் செய்து கொழும்பிலேயே குடிக்கிற பியருக்கு இந்த மண்ணிறப் போத்தலை விட நல்லது எதுவும் எனக்குத் தென்படவில்லை.

வியாழன், போயா

இன்று போயா, பௌர்ணமி விடுமுறை. நாடு முழுக்க மதுக்கடை பூட்டு. காலி வீதி வழக்கத்தை விட அமைதியாக இருந்தது. களனி விகாரைக்குப் போகிற கூட்டத்தோடு கூட்டமாக நானும் ஆற்றங்கரைக்குப் போனேன்.

களனி கங்கை 145 கிலோமீட்டர் நீளம். சிவனொளிபாத மலைப் பக்கம் தொடங்கி, முகத்துவாரத்தில் கடலில் விழுகிறது. கொழும்புக்குக் குடிக்க இந்த ஆறுதான். அம்பத்தலேயில் தண்ணீரை எடுத்துச் சுத்திகரித்து நகரத்துக்கு அனுப்புகிறார்கள். அதற்குச் சற்றுத் தள்ளி, மறுகரையில், பியகம. அங்கே ஏற்றுமதி வலயமும் பெரிய தொழிற்சாலைகளும், லயன் பியர் வடிக்கிற ஆலையும் இருக்கின்றன. ஒரே ஆற்றில் நகரம் குடிக்கிறது, தொழிற்சாலைகள் நிற்கின்றன. வரட்சிக் காலத்தில் ஆறு வற்றினால் கடல் உப்பு மேலே ஏறி அம்பத்தலேயை எட்டப் பார்க்கும். மழை மிஞ்சினால் வேறு கதை. 2016 மே மாத வெள்ளத்தில் அந்த ஆலைக்குள்ளேயே ஆறு புகுந்து, மாதக்கணக்கில் பியர் உற்பத்தி நின்றது.

2015 ஓகஸ்டில் பியகமப் பக்கத்துக் குளிர்பானத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து டீசல் கசிந்து ஆற்றில் கலந்து, கொழும்பின் பல பகுதிகளுக்குத் தண்ணீர் நிறுத்த வேண்டி வந்தது. அதைப் பத்திரிகையில் வாசித்த நாளிலிருந்தே இந்தக் கரைக்கு ஒருமுறை வரவேண்டும் என்று இருந்தேன்.

பியர் ஆலைக் கழிவுநீரில் டீசல் மாதிரி நச்சு எதுவும் இல்லை. சீனி, மாப்பொருள், மதுவம் என்கிற ஈஸ்ட், கொஞ்சம் பியர், கழுவிய சோடா. சோடாவைத் தவிர எல்லாம் உயிர்ப்பொருள். சிக்கலும் அங்கேதான். ஆற்றில் விட்டால் நுண்ணுயிர்கள் அதைத் தின்னத் தொடங்கி, தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனை முடித்துவிடும். மீனுக்கு மூச்சுக்கு இல்லை. ஆய்வுகூடத்தில் இதை அளக்கிற அளவைப் பி.ஓ.டி. என்போம்: ஐந்து நாளில் நுண்ணுயிர்கள் எவ்வளவு ஒட்சிசனை எடுத்தன என்பது. இலங்கைச் சட்டப்படி ஆறு, குளத்தில் விடுகிற கழிவுநீரில் அது லீட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சுத்திகரிக்காத பியர் ஆலைக் கழிவுநீரில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும், வீட்டுக் கழிவுநீரைப் போலப் பல மடங்கு. ஆயிரத்தை முப்பதாக்குகிற வேலையைத்தான் அந்த ஆலைகள் ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டியிருக்கிறது.

பின்னேரம் முகத்துவாரத்துக்குப் போனேன். ஆறு கடலில் சேருகிற இடத்தில் பையன்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கலங்கல். என் பையில் இருந்த மானியை இறக்கிக் கரைந்த ஒட்சிசன் பார்த்தேன். ஓர் இடத்தில் ஒரு தடவை எடுத்த அளவை வைத்து ஆற்றைப் பற்றி எதுவும் பேசக் கூடாது. அதனால் எண்ணை இங்கே எழுதவில்லை.

வெள்ளி, கொட்டாஞ்சேனை

அத்தானின் நண்பர் மூலமாக ஒரு பெரியவரைப் பார்க்க முடிந்தது. மதுவடிப்புத் தொழிலில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது மகள் வீட்டில், கொட்டாஞ்சேனை தேவாலயத்துக்குப் பின்பக்கம். பெயர் போட வேண்டாம் என்றார். ஐயா என்றே எழுதுகிறேன்.

மூன்று மணித்தியாலம் பேசினோம். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்தவற்றில் பாதி இந்த வீட்டு விறாந்தையில் கிடைத்தது.

"பியர்னா என்னம்மா? சூடாக்குறது, ஆறவைக்கிறது, கழுவுறது. இந்த மூணுலதான் காசும் போவுது, தண்ணியும் போவுது" என்று தொடங்கினார். பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

மோல்ட் என்பது பார்லியை முளைக்கவைத்து, முளை வளருமுன் சூடான காற்றில் உலர்த்தியது. முளைக்கும்போது உண்டாகிற நொதியங்கள்தான் மாப்பொருளைச் சீனியாக்கும். அரைத்த மோல்ட்டை 65 பாகைக்குக் கிட்டிய வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, இனிப்பான அந்தச் சாற்றை ஹொப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி வரை. கிருமி சாக வேண்டும், ஹொப்ஸின் கசப்பு இறங்க வேண்டும், மோல்ட்டிலிருந்து வருகிற ஒரு கந்தக வாசம் ஆவியோடு போக வேண்டும். "அது போகலன்னா கோவா அவிச்ச வாசம் அடிக்கும்" என்றார் ஐயா.

நான் கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டேன். 28 பாகையில் இருக்கும் கொழும்புத் தண்ணீர் 100 லீட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர எட்டரை யூனிட்டுக்குக் கிட்டிய சக்தி. கொதிக்கும்போது அதில் 8 லீட்டர் ஆவியாகிப் போனால் அதற்கு மட்டும் இன்னும் 5 யூனிட். பழைய பானைகளில் எட்டு, பத்து வீதம் ஆவியாக விடுவது வழக்கம். புதிய அமைப்புகளில் நான்கு, ஐந்து வீதத்திலேயே அந்த வாசத்தைப் போக்கிவிடலாம். ஆவியாவதைப் பாதியாக்கினால் அந்த 5 யூனிட்டும் பாதி. மிச்ச ஆவியைக் குளிர்த்தி, அதன் சூட்டை அடுத்த பானைக்குக் கொடுக்கலாம். எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற 2022ஆம் வருடத்தை மறக்காத எவருக்கும் இந்த இரண்டரை யூனிட் சின்ன விஷயமாகத் தெரியாது.

"பானைக்கு மேல வெள்ளையா புகை கிளம்புனா பாக்க அழகா இருக்கும். அது பூரா நம்ம காசு" என்றார்.

அடுத்தது ஆறவைப்பது. இங்கேதான் கொழும்பின் வெக்கை கணக்கைக் குழப்புகிறது. லாகர் பியர் 10, 12 பாகையில் நொதிக்க வேண்டும், பிறகு பூச்சியத்துக்குக் கிட்ட வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். கொதிக்கிற சாற்றைத் தகட்டு வெப்பமாற்றியில் குளிர்ந்த நீருக்கு எதிரே ஓடவிட்டால், சாறு ஆறும்; நீர் 80 பாகைக்கு ஏறி அடுத்த ஊறலுக்குத் தயாராக நிற்கும். சூடும் வீணில்லை, நீரும் வீணில்லை. ஆனால் எதிரே ஓடுகிற நீர் 28 பாகை என்றால் சாறு 30க்குக் கீழே இறங்காது. மிச்ச பதினெட்டுப் பாகையையும் குளிரூட்டி இயந்திரம்தான் இழுக்க வேண்டும். இந்த நாட்டில் வணிகமாகப் பியர் வடிப்பது 1881இல் நுவரெலியாவில் தொடங்கியதற்கு 1,868 மீட்டர் உயரமும் அந்தக் குளிரும் ஊற்றுத் தண்ணீரும் காரணம். கீழே பியகமவுக்கு இறங்கியபோது துறைமுகமும் சந்தையும் கிட்ட வந்தன, குளிர் மேலேயே நின்றுவிட்டது.

நான் ஒரு கேள்வி வைத்திருந்தேன். நோர்வேயின் பண்ணை வீடுகளில் பரம்பரையாகக் காப்பாற்றி வந்த குவைக் என்ற மதுவம் 30 முதல் 40 பாகை வரையிலும் நன்றாக நொதிக்கும், சில நாளில் முடித்தும்விடும். கொழும்புக்கு அது பொருந்தாதா? ஐயா அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். "லாகர் குடிச்சுப் பழகுன வாய்க்கு அது லாகரா இருக்காதும்மா, பழவாசம் வரும். ஆனா சின்னதா செய்யிறவங்க இங்க வந்து எதுக்கு ஐஸ்ல கிடந்து கஷ்டப்படுறாங்கன்னு நானும் யோசிச்சிருக்கேன்." வெப்ப நாட்டில் குளிர்நாட்டுப் பியரைத்தான் செய்வோம் என்று பிடிவாதம் பிடிப்பதன் விலை மின்சாரக் கட்டணத்தில் வந்து நிற்கிறது. பெரிய ஆலைகள் மாறாது, வாடிக்கையாளர் விடமாட்டார். புதிதாகத் தொடங்குகிற சின்ன இடங்கள் துணிந்து மாறலாம்.

நொதிக்கும்போது வருகிற காபனீரொட்சைட்டு பற்றியும் கேட்டேன். ஐந்து வீத மதுசாரம் உள்ள 100 லீட்டர் பியர் நொதிக்கும்போது ஏறக்குறைய 3.8 கிலோ வாயு வெளிவரும். பியரில் நுரைக்காகக் கரைந்து நிற்பது அரைக் கிலோ அளவுதான். பிடித்துச் சுத்தம் செய்யக் கருவி இருந்தால் வெளியிலிருந்து ஒரு சிலிண்டரும் வாங்கத் தேவையில்லை. பெரிய ஆலைகள் பிடிக்கின்றன. சின்ன இடங்கள் பலவற்றில் அது கூரை வழியே போகிறது, பிறகு அதே வாயுவைச் சிலிண்டரில் வாங்குகிறார்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை.

கழுவுவது பற்றி ஐயா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதற்குப் பெரிய முதலீடு வேண்டாம். தாங்கியைக் கழுவும்போது கடைசியாக ஓடுகிற தண்ணீர் ஏறக்குறையச் சுத்தமானது. அதைச் சாக்கடையில் விடாமல் பிடித்து வைத்து, அடுத்த தாங்கியின் முதல் கழுவலுக்கு எடுக்க வேண்டும். சோடாக் கரைசலையும் ஒருமுறையோடு ஊற்றிவிடாமல் வலு பார்த்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். இரவில் எந்தக் குழாயும் சொட்டுகிறதா என்று ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். "ஏழு லீட்டர நாலாக்குறதுக்கு மெஷின் வேணாம், மனுஷன் வேணும்" என்றார். நாலுக்குக் கீழே போகத்தான் இயந்திரம். டென்மார்க்கின் ஃபிரெடெரிசியா நகரத்துக் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் 2021இல் ஒரு நீர் மறுசுழற்சி நிலையம் கட்டினார்கள். கழுவிய நீரில் 90 வீதத்தைச் சுத்திகரித்து மறுபடி கழுவுவதற்கே எடுத்து, ஒரு லீட்டர் பியருக்கு 2.9 லீட்டர் தண்ணீர் என்று இருந்ததை 1.4 ஆக்குவது திட்டம். பியருக்குள் போகிற தண்ணீர் எப்போதும் புதுத் தண்ணீர்தான் என்பதையும் சொல்லவேண்டும். இதைக் கேட்டதும் சிலர் முகம் சுளிப்பார்கள்.

புறப்படும்போது ஐயாவின் மகள் கேட்டார்: "அக்கா, பொம்பளைங்களுக்கு இந்த வேலையெல்லாம் குடுப்பாங்களா?" 2018 ஜனவரியில், பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்ற 1979ஆம் ஆண்டின் தடையை நீக்கி, சில நாளிலேயே திரும்பக் கொண்டுவந்ததை நினைத்தேன். கழிவுநீரைப் பரிசோதிக்கிற வேலையைப் பெண்கள் நன்றாகவே செய்துகொண்டிருக்கிறோம் என்றேன்.

சனி, கடுவெல

கொள்ளுப்பிட்டியில் 177 பஸ் ஏறிக் கடுவெல. பாலத்தால் களனியைக் கடந்து அடுத்த கரை. ஒரு பால் பண்ணைக்காரரைப் பார்க்க. பத்துப் பன்னிரண்டு மாடுகள், தகரக் கொட்டில், பக்கத்தில் நீல பிளாஸ்டிக் பீப்பாக்கள். பீப்பாயைத் திறந்தால் புளித்த பாண் வாசம். உள்ளே மோல்ட் சக்கை.

100 லீட்டர் பியருக்கு ஈரத்தோடு ஏறக்குறைய 20 கிலோ சக்கை மிஞ்சும். சீனி போய்விட்டது, நாரும் புரதமும் மிச்சம். உலர்நிறையில் 20 முதல் 25 வீதம் புரதம். தேங்காய்ப் புண்ணாக்கு விலை ஏறியதிலிருந்து வியாபாரி ஒருவர் மூலமாக இதை எடுக்கிறாராம். சிக்கல் என்னவென்றால் நிறையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். இந்த வெக்கையில் இரண்டு நாளில் கெட்டுவிடும். பூஞ்சணம் பிடித்ததைப் போட்டால் அதன் நச்சு பாலில் வந்துவிடும். அதனால் வந்த அன்றே பீப்பாயில் கொஞ்சம் உப்புச் சேர்த்து, காற்றுப் போகாமல் மிதித்து மூடி வைக்கிறார். பூஞ்சணம் கண்ட பீப்பாயை மாட்டுக்குக் காட்டுவதே இல்லை, நேரே எருக்குழிக்குத்தான். அவர் தமிழும் சிங்களமும் கலந்து பேசினார், நானும் அப்படியே.

சக்கை என்ற பெயரில் லொறி சுமப்பதில் பெரும்பங்கு தண்ணீர்தான். ஆலையிலேயே பிழிந்து கொடுத்தால் லொறிச் சுற்று குறையும், பிழிந்த நீர் கழிவுநீர்த் தாங்கிக்குப் போகும். அந்தத் தாங்கி பற்றியும் எழுதவேண்டும். ஒட்சிசன் இல்லாத மூடிய தாங்கியில் நுண்ணுயிர்களை விட்டால் அவை கழிவை மெதேன் ஆக்கும். கழிவை இரசாயன முறையில் ஒட்சியேற்ற எவ்வளவு ஒட்சிசன் வேண்டும் என்பதை வைத்து, சி.ஓ.டி. என்று நாங்கள் அளக்கிற கழிவில் ஒரு கிலோ அழிந்தால் 0.35 கனமீட்டர் மெதேன். 100 லீட்டர் பியருக்கு ஒரு கிலோ சி.ஓ.டி. என்று வைத்தால் மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல் வெப்பம். நேற்று போட்ட கணக்கில் பானைக்குத் தேவைப்பட்டது பதின்மூன்று, பதினான்கு யூனிட். ஆற்றைக் கெடுக்கக்கூடிய பொருளே அடுப்பின் நாலில் ஒரு பங்கைத் தந்துவிடுகிறது. காற்றை ஊதிச் சுத்திகரிக்கிற முறையில் இதே கழிவுக்கு மின்சாரம் செலவாகும். இரண்டுக்கும் இடையில் தெரிவு செய்ய எனக்கு ஒரு நிமிடமும் வேண்டாம்.

ஒஸ்திரியாவில் லியோபன் நகரத்து கோஸ் ஆலை 2016இல் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எதுவும் இல்லாமல் ஓடுகிற நிலைக்கு வந்தது. சக்கையிலிருந்து உயிர்வாயு, பக்கத்து மர ஆலையின் மிச்ச வெப்பம், சூரிய வெந்நீர். மலைநாட்டில், பனி பெய்கிற ஊரில் சூரியனை வைத்து ஊறல் சூடாக்குகிறார்கள். இங்கே வெள்ளவத்தை மாடிகளில் குளிக்கச் சூரிய வெந்நீர்த் தாங்கி இருக்கிறது. ஊறலுக்கு வேண்டியது 65, 75 பாகைதான். ஆனால் சக்கையை உயிர்வாயு ஆக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பாலுக்குத் தட்டுப்பாடு உள்ள நாட்டில் அது மாட்டுக்குத்தான் போகவேண்டும்.

பார்லி இங்கே விளைவதில்லை, மோல்ட் கப்பலில் வருகிறது. அரிசியைக் கலக்கலாம், ஆனால் அரிசி மாப்பொருள் இளக இன்னும் கூடிய சூடு வேண்டும், தனிப் பானை வேண்டும். குரக்கன் என்ன என்று எனக்கு ஓர் எண்ணம். குரக்கனை முளைக்கவைத்து மது செய்வது ஆபிரிக்காவில் பழக்கம். குரக்கனுக்கு நெல்லைப் போல நீர் கட்டத் தேவையில்லை, மழையை நம்பியே வளரும்.

ஞாயிறு, வெள்ளவத்தை

இரவு பஸ்ஸுக்கு முன் அத்தானின் நண்பரின் உணவகத்துக்குப் போனோம். வெளிநாட்டுப் பச்சைப் போத்தல் பியரைப் புதிதாக எடுக்கலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார். வாடிக்கையாளர் கேட்கிறார்களாம். அந்தப் போத்தல் கப்பலில் வந்து, ஒருமுறை குடித்து, குப்பைக்குப் போகிறது. மீதொட்டமுல்லக் குப்பை மலை 2017 ஏப்ரலில் சரிந்து வீடுகளை மூடியதை மறந்து கொழும்பில் யாரும் குப்பை பற்றி முடிவெடுக்கக் கூடாது என்று அவருக்குச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. மண்ணிறப் போத்தல் பெட்டியை ஒரு மூலையில் அடுக்கி, வாரத்துக்கு ஒருமுறை திருப்பி அனுப்புவதில் உள்ள இடக் கஷ்டத்தைச் சொன்னார். வெறும் போத்தல் எடுக்க வருகிற லொறி நேரத்துக்கு வந்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்றார். இது விநியோகிப்பவர்கள் காதில் விழவேண்டிய விஷயம்.

"அப்ப கள்ளுத்தான் நல்லதெண்டு சொல்லுறியோ?" என்று அத்தான் கேட்டார். பனங்கள்ளுக்கு முளைக்கவைப்பதும் இல்லை, கொதிக்க வைப்பதும் இல்லை, குளிரூட்டியும் இல்லை. முட்டிக்குள் விழுந்த சில மணித்தியாலத்தில் தானாகப் புளிக்கிறது. சக்திக் கணக்கில் பியர் அதற்குக் கிட்ட வராது. ஆனால் மறுநாளுக்குள் காடியாகிவிடும். போத்தலில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்ப வேண்டுமானால் அதையும் சூடாக்கித்தான் ஆகவேண்டும். ஊரில் கள், நகரத்தில் திரும்பி வரும் போத்தலில் பியர். எனக்கு இதில் முரண் எதுவும் தெரியவில்லை.

புறக்கோட்டையில் இரண்டு கிலோ குரக்கன் வாங்கியிருக்கிறேன். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் மது வடிப்பது குற்றம். நான் வடிக்கப் போவதும் இல்லை. முளைக்கவைத்து, உலர்த்தி, நொதியத்தின் வலுவை மட்டும் அளந்து பார்க்கிறேன். எத்தனை மணி ஊறவைப்பது, எந்தச் சூட்டில் உலர்த்துவது என்று ஐயா ஒரு தாளில் எழுதித் தந்திருக்கிறார். அளவுகள் வந்ததும், நன்றாக வந்தாலும் வராவிட்டாலும், அட்டவணையோடு எழுதுகிறேன்.